கீழடிச் செங்கல் மனை

ஓர் இனத்தின் பழமையை நாட்டுதற்கு ஏடு வேண்டும், கல்வெட்டு வேண்டும், காசு வேண்டும் என்பர். இவை எல்லாவற்றினும் எளிய சான்று ஒன்று உண்டு. மண்ணைக் குழைத்து, அச்சிலிட்டு அறுத்து, வெயிலிற் காயவைத்து, சூளையிற் சுட்டெடுத்த செங்கல்லே அது. அரசன் தன் புகழைக் கல்லில் வெட்டுவிப்பான். அதிற் பாதி புனைவாகவும் இருக்கலாம். புலவன் தன் தலைவனை உயர்த்திக் கூறுவான். அஃது அவன் தொழில். ஆனால், பெயர் தெரியாத ஒரு கொத்தன் அடுக்கிவிட்டுப் போன செங்கல் வரிக்கு உயர்த்திக் கூறவும் தெரியாது. தாழ்த்திக் கூறவும் தெரியாது. எத்தனை வரி நிற்கின்றதோ அத்தனை வரியும் உண்மை.

அத்தகைய வரிகள் வையைக் கரையில் வெளிப்பட்டன. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தில் உள்ளது கீழடி. அதன் பள்ளிச்சந்தைத் திடல், தென்னந்தோப்புகளால் மூடப்பட்ட ஏறத்தாழ 110 ஏக்கர் மேடு. தோப்பின் கீழே ஓர் ஊர் உறங்குகின்றது என்பதை முதலில் உணர்ந்தவர் பேராசிரியரும் அல்லர், பெரும்பதவியாளரும் அல்லர். 1970களில் அங்குக் கிணறு வெட்டுங்கால் வெளிப்பட்ட பழம்பொருள்களைக் கண்டு, அவற்றைப் போற்றி வைத்துத் தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலத்திற்குத் தெரிவித்தவர் அவ்வூர்ப் பள்ளியாசிரியர் ஒருவரே. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவன் தன் ஊர் மண்ணையும் படிக்கக் கற்றிருந்தான் என்பது தமிழாசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்தி.

ஆயினும், அம்மேட்டின்மேல் முறையான மண்வெட்டி விழுவதற்கு மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. நடுவணரசின் தொல்லியல் துறையினர் வையை தோன்றும் இடந்தொட்டுக் கடலிற் கலக்கும் இடம்வரை இருகரையும் நடந்து ஆராய்ந்து 293 தொல்லிடங்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றாகிய கீழடியில் 2014–15ஆம் ஆண்டில் அமர்நாத் இராமகிருட்டிணன் தலைமையில் அகழாய்வு தொடங்கிற்று. இரண்டாம் பருவத்தில் மண்ணடியிலிருந்து செங்கற் சுவர்கள் தலைகாட்டின. தொட்டிகள், திறந்த கால்வாய்கள், சுடுமண் குழாய் பதித்த மூடிய கால்வாய்கள், உலைகள், உறைகிணறுகள் என அடுத்தடுத்து வந்தன. பானைத் துண்டு மட்டுமே தமிழனின் சொத்து என்று எழுதிவந்தோர் எழுதுகோலைச் சற்றே கீழே வைக்க வேண்டியதாயிற்று.

அந்த மனையைச் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். மனை என்பது ஈண்டுப் பொதுச்சொல். தொட்டியும் உலையும் கால்வாயும் அடுத்தடுத்து நிற்பதால், குடியிருப்போடு தொழிற்பட்டறையும் சேர்ந்திருந்த பகுதி அஃது என்று ஆய்வாளர் கருதுவர். நெசவுக்கும் சாயத்திற்கும் நீர் மிகுதியும் வேண்டும். நூல் நூற்கும் தக்களிகளும் அங்கே மிகுதியாகக் கிடைத்துள்ளன. உழைப்பவன் தன் உழைப்பிடத்தை ஓலைக் கொட்டகையாக விடாது சுட்ட செங்கல்லாற் கட்டிக்கொண்டான் என்பதே இதன்கண் வியக்கத்தக்கது. அரண்மனை செங்கல்லால் அமைதல் எவ்வூரிலும் உண்டு. பட்டறை செங்கல்லால் அமைந்த ஊர் செழித்த ஊர்.

செங்கல்லை எடுத்துக்கொள்க. அது தட்டையாகவும் அகன்றும் நீண்டும் இருக்கின்றது. தடிப்பு ஒரு பங்கெனின், அகலம் ஏறத்தாழ நான்கு பங்கு, நீளம் ஆறு பங்கு. சிந்துவெளிச் செங்கல்லின் அளவையொப்போ 1:2:4 என்பது. ஆகவே, இஃது அதன் படியன்று. சுமை தாங்கும் பரப்பு மிகுதியாகவும் தடிப்புக் குறைவாகவும் இருப்பின் சூளையில் உட்புறம்வரை வேகும். பச்சையாக நிற்கும் நடுப்பகுதி இராது. இந்நுட்பம் நூலிற் படித்து வருவதன்று. பல தலைமுறை சூளை போட்டுப் பாழானவற்றை எறிந்து எறிந்து, கைகள் தாமே கற்றுக்கொண்ட அறிவு. வேலூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இச்செங்கற்களைப் பகுத்துப் பார்த்தபொழுது 80 விழுக்காடு சிலிக்கா என்னும் மணற்சத்தும், இணைக்கும் இயல்புடைய சுண்ணாம்புச் சத்து 7 விழுக்காடும் இருந்தன. கட்டுமானத்திற் பயன்பட்ட சுண்ணாம்புச் சாந்தில் 97 விழுக்காடு சுண்ணாம்பே. கலப்படம் என்பது அக்கொத்தனுக்குத் தெரியாத கலை போலும்! இற்றைநாளிற் கட்டி முடித்த மறு மழைக்கே ஒழுகும் ஒப்பந்தக் கட்டடங்களைப் பார்ப்பவர்க்கு இவ்வெண்ணின் அருமை விளங்கும்.

தரையில் நன்கு அரைத்த களிமண்ணைப் பரப்பித் தளம் அமைத்துள்ளனர். சுவரையொட்டி மரக்கால் நட்ட குழிகள் காணப்பட்டன. கூரையின் பாரத்தைச் சுவர்மீது மட்டும் ஏற்றாது மரக்கால்கள் தாங்குமாறு செய்திருக்கின்றனர். கூரைக்கு ஓடு வேய்ந்துள்ளனர். அவ்வோடுதான் இம்மனையின் மிகு நுட்பமான உறுப்பு. ஓட்டின் மேற்பரப்பில் விரலால் இழுத்த பள்ளக் கோடுகள் உள. மழைநீர் அவற்றின் வழியே வழிந்து இறவாரத்திற் சொட்டும். ஓட்டின் தலைப்பில் துளைகள் உள. கயிற்றைக் கோத்து மரச்சட்டத்தோடு பிணைத்தற்கு அவை பயன்பட்டன. இரும்பாணிகளும் கிடைத்துள்ளன. காற்றுக்கு ஓடு பறவாமலும், மழைக்குக் கூரை ஒழுகாமலும், சுவர் ஈரம் குடித்து உதிராமலும் இருத்தற்கு வேண்டுவன அனைத்தும் அங்கே எண்ணிச் செய்யப்பட்டுள்ளன. ஈரமான ஓட்டின்மேல் தன் விரலை இழுத்த அவ்வினைஞனின் விரற்கோடு இன்றும் அழியாது நிற்கின்றது.

இனி உறைகிணறு. சுட்ட மண்ணுறையை நிலத்தில் வைத்து, அதனுள் இறங்கி மண்ணைத் தோண்டத் தோண்ட உறை தன் பாரத்தால் கீழிறங்கும், மேலே அடுத்த உறையை வைப்பர், அதுவும் இறங்கும். மணற்பாங்கான ஆற்றங்கரையிற் சரியாது நிற்கும் கிணறு வேண்டுமெனின் இதனினும் சிறந்த வழி இல்லை. பட்டினப்பாலை உறைகிணற்றைக் குறிப்பிடுகின்றது. அப்பாட்டைப் பாடஞ்சொல்லுங்கால் 'உறை' என்பதற்கு உரைநூலைப் புரட்டிப் பொருள் கூறிவந்த ஆசிரியர்கள், இனிக் கீழடியையும் அதன் அண்டையூராகிய அகரத்தையும் காட்டிப் பொருள் கூறலாம். நூலிலுள்ள சொல்லுக்கு நிலத்திற் பொருள் கிடைத்துவிட்டது.

செங்கல்லும் அவ்வாறே. பழந்தமிழர் குடிசையன்றிப் பிறிதறியார் என்பார் சங்கநூலைத் திறந்து பாராதார். அகநானூற்றின் 167ஆம் பாட்டில் செங்கற் சுவர் இட்டிகைச் சுவர் என்னும் பெயரால் வருகின்றது; ஆளற்றுப் பாழ்பட்ட பொதியில் ஒன்றின் சுவர் அது. இட்டிகை என்னும் சொல்லை வடமொழியினர் தமதென்பர். சொல்லாய்வார் அவ்வழக்கைத் தனியே தீர்த்துக்கொள்க. அச்சொல் எவர்க்கு உரியதாயினும், செங்கல், சுடுமண், ஓடு, உறை, கூரை, காரை என்பன எவரிடமும் இரவல் வாங்கியவையல்ல. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் மனை வகுக்கும் முறையைக் கூறுகின்றார். கதிரவனின் நிழல் கொண்டு திசை தேர்ந்து, நூலறி புலவர் கயிறிட்டு மனை வகுத்த செய்தி அங்கே உண்டு. அப்பாட்டின் பாண்டியன் இருந்த மதுரைக்குக் கூப்பிடு தொலைவில் கயிறு பிடித்தாற்போல் நேராக ஓடும் செங்கற் சுவர் கிடைத்துள்ளதெனின், பாட்டு கற்பனையென்று தள்ளுவாரின் நாவு என்னாவது?

இம்மனையின் அகவை யாது? 2018ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை நடத்திய நான்காம் பருவ அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளுள் ஆறு, அமெரிக்க நாட்டு மியாமியிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்திற்கு விடுக்கப்பட்டன. அவற்றுள் 353 செ.மீ. ஆழத்திற் கிடைத்தது கி.மு. 580ஐச் சேர்ந்ததென்று முடிவு வந்தது. 200 செ.மீ. ஆழத்திற் கிடைத்தது கி.மு. 205. அதே பருவத்தில் 5,820 பொருள்களும், தமிழியில் எழுதப்பெற்ற 56 பானையோடுகளும் கிடைத்தன. ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் அவ்வோடுகள் பெயர் சொல்லுகின்றன. சோறு சமைத்த பானையிலும் தண்ணீர் மொண்ட கலத்திலும் தன் பெயரைத் தானே கீறிக்கொண்ட மக்கள் அவர்கள். எழுத்து அரண்மனைக் கணக்கனுக்கு மட்டும் உரியதாய் இருந்திருப்பின் அடுக்களைப் பானைக்கு அஃது ஏன் வந்தது?

ஈண்டு ஒன்றை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். கீழடியைத் தூற்றுவார் ஒருபுறம் இருக்க, கீழடியைப் போற்றுவாருள்ளும் சிலர் அதற்குத் தீங்கு செய்கின்றனர். கி.மு. 580 என்னும் எண் அவர்க்குப் போதவில்லை. மேடைக்கு மேடை ஓராயிரம் ஆண்டு கூட்டுகின்றனர். ஐயாயிரம் என்பார், பத்தாயிரம் என்பார், அதற்கும் மேலே செல்வார். இஃது அன்பன்று; அறியாமை. ஆய்வகம் தந்த எண் எவராலும் அசைக்கவொண்ணாதது. அதன்மேல் ஏற்றிய பொய்யெண்ணோ ஒரு கேள்விக்கு நில்லாது. அப்பொய் சரியும்போது உண்மையையும் உடனிழுத்துக்கொண்டு சரியும். மேலும் ஆழத்திற் சான்று கிடைக்கின், அகவை தானே உயரும். அதற்கு முந்திரிக்கொட்டை போல் முந்துதல் வேண்டா.

இனி, தூற்றுவாரின் செய்தி. இரண்டாம் பருவம் முடிந்து மனைகள் வெளிப்பட்ட நிலையில், 2017இல் அமர்நாத் இராமகிருட்டிணன் அசாமிற்கு மாற்றப்பட்டார். அவர்க்குப் பின் நடந்த மூன்றாம் பருவத்தில் கட்டடங்களின் தொடர்ச்சி கிட்டவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் நடுவணரசின் துறை அம்மேட்டை விட்டகன்றது. மறு ஆண்டே தமிழ்நாட்டரசு தோண்டிற்று, தொடர்ச்சி கிட்டிற்று! 2019ஆம் ஆண்டின் ஐந்தாம் பருவத்திலும் சுவர்களும் சுடுமண் குழாய்களும் வெளிவந்தன. மண் ஒன்றே, மண்வெட்டி ஒன்றே, தோண்டுவாரின் உள்ளம் மட்டுமே வேறு என்று மக்கள் பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

முதலிரு பருவங்களின் முழு அறிக்கையை அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்தார், 982 பக்கம். ஈராண்டுக்கு மேலும் அஃது அச்சேறவில்லை. 2025 மே திங்களில், அதிற் குறித்துள்ள காலப்பகுப்பைத் திருத்தித் தருமாறு துறை அவரைக் கேட்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் 5ஆம் நூற்றாண்டு வரை என்று அவர் வகுத்த முதற்காலமே துறையின் கண்ணை உறுத்திற்று. மண்ணடுக்கும் கரிப்பகுப்பும் காட்டியவற்றையே எழுதியுள்ளதாகவும், திருத்துதற்கு இடமில்லை என்றும் அவர் விடையிறுத்தார். அடுத்த திங்களில் நடுவண் பண்பாட்டு அமைச்சர் இன்னும் அறிவியற் சான்று வேண்டுமென்று சென்னையிற் கூறினார். அதே சூன் திங்களில் அமர்நாத் இராமகிருட்டிணன் மீண்டும் இடமாற்றம் பெற்றார்.

ஐயப்படுதல் அறிவியலின் உரிமை. அதனை எவரும் மறுக்கவில்லை. ஐயமுடையார் அறிக்கையை அச்சிட்டு உலகின் முன் வைத்து, அதன் கீழ்த் தம் மறுப்பையும் எழுதட்டும். எல்லா நாட்டு அறிஞரும் படித்து இருபுறமும் எடைபோடட்டும். ஆனால், எழுதியவனையே தன் எழுத்தை அழிக்கச் சொல்லுவது ஆய்வன்று. கங்கைக் கரையிற் கிடைத்த ஓட்டுக்கு ஒரு நிறைகோல், வையைக் கரையிற் கிடைத்த ஓட்டுக்கு ஒரு நிறைகோல் என்று வைத்துக்கொண்டு, இந்நாட்டு வரலாறு ஒன்றே என்று மட்டும் மேடையில் முழங்குவது எவ்வகையிற் பொருந்தும்?

செங்கல்லுக்கு எதிரி நடுவணரசு மட்டுமன்று. 1850களில் இலாகூர்–முல்தான் தொடர்வண்டிப் பாதைக்கு அடிக்கல் பரப்பவென அரப்பாவின் செங்கற்களை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போயினர் வெள்ளையர். உலகின் மூத்த நகரங்களுள் ஒன்று தண்டவாளத்தின் கீழ்ச் சல்லியாயிற்று. தமிழ்நாட்டிலோ, நாகப்பட்டினக் கடற்கரையிற் கலங்களுக்கு அடையாளமாய் நின்ற செங்கற் புத்தக் கோபுரம் 1846இல் வால்டர் எலியட் கண்டபொழுது மூன்று நிலையோடு நின்றது. 1867இல் அரசின் இசைவோடே இடித்துத் தள்ளப்பட்டது. அதன் ஓவியப் படம் மட்டும் எஞ்சிற்று. அரிக்கமேட்டுச் செங்கற் கட்டடங்களில் ஒருபகுதியை ஆறே அரித்துத் தின்றது. ஊர்தோறும் மேடுகளின் மண் சூளைக்கும் சாலைக்கும் போகின்றது. இரண்டாயிரம் ஆண்டுச் செங்கல் கிடந்த மேட்டை வெட்டியெடுத்து, அம்மண்ணிலேயே புதுச் செங்கல் அறுத்து விற்கும் கொடுமை வேறெந்நாட்டிலும் இவ்வளவு எளிதாக நடவாது. இதற்கு வடவரைக் குறைகூற வழியில்லை. சரக்குந்தை ஓட்டுபவனும் ஊதியம் பெறுபவனும் தமிழனே.

சொல்லும் அவ்வாறே சூறை போகின்றது. ஊர்க் கொத்தனார் நாவில் கடைக்கால், வாணம், நிலை, விட்டம், உத்திரம், இறவாரம், தாழ்வாரம், முற்றம், கரணை, மூலைமட்டம், தூக்குக்குண்டு என்னும் சொற்கள் நேற்றுவரை உயிரோடிருந்தன. இன்று அவர் மகன் 'பேஸ்மெண்ட்' என்கின்றான், 'லிண்டல்' என்கின்றான். படித்த பொறியாளர் அவனுக்கு அவற்றைக் கற்பித்தார். ஓட்டிற் பதிந்த விரற்கோட்டை அருங்காட்சியகத்திற் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கும் இனம், அவ்விரலாற் செய்த தொழிலின் பெயரைத் தெருவில் விட்டெறிகின்றது. மாநிலமெங்குமுள்ள தமிழாசிரியர்கள் ஆளுக்கு ஒரு கொத்தனாரையும் ஒரு தச்சரையும் அமர்த்தி அவர்தம் தொழிற்சொற்களை எழுதி வாங்கினால், ஓராண்டில் ஓர் அகரமுதலி அமையும். பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருத்தல் வீண்.

நல்லது நடந்துள்ளதையும் கூறவேண்டும். 2023 மார்ச்சு 5ஆம் நாள் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. ரூ.18 கோடிக்கு மேற் செலவில், செட்டிநாட்டுக் கட்டட முறையில், முற்றமும் தூணும் ஓட்டுக் கூரையுமாக அதனை எழுப்பியுள்ளனர். கண்ணாடிப் பெட்டி போன்ற அயற்கட்டடம் ஒன்றை அங்கே நிறுத்தாது விட்டமைக்கே அரசைப் பாராட்டலாம். பழைய ஓட்டைப் பார்க்கச் செல்லும் பிள்ளை புதிய ஓட்டின் கீழ் நின்று பார்க்கின்றது. ஆயின், பொருள்களை மேட்டிலிருந்து எடுத்துப் பேழையில் வைப்பது பாதிப்பணியே. சுவர் நின்ற இடத்திலேயே நின்றாலன்றி மனை மனையாகாது. முதற் பருவங்களின் அகழ்குழிகள் மீண்டும் மண்ணிட்டு மூடப்பட்டன. காற்றும் மழையும் படாது காத்தற்கு அதுவும் ஒரு முறையே. திறந்தவெளியிற் சுவர்களை உள்ளவாறே காட்டுதற்கு அரசு மேற்கொண்ட திட்டம் கீழடியோடு நில்லாது கொந்தகை, அகரம், மணலூர் என அண்டையூர்களுக்கும் செல்லுதல் வேண்டும்.

வையைக்கரையில் 293 இடங்கள் என்று மேலே கூறப்பட்டது. அவற்றுள் மண்வெட்டி பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஞ்சியவற்றின்மேல் உழவர் உழுகின்றனர், தென்னை வைக்கின்றனர், மனைப்பிரிவுக்காரர் கல் நடுகின்றனர். அகன்று தட்டையான பழஞ்செங்கல்லோ, விரற்கோடிட்ட ஓட்டுத்துண்டோ, சுடுமண் உறையோ ஏர்முனையில் தட்டுப்படின், அதனைப் பெயர்த்தெடாமல் அவ்விடத்திலேயே விட்டு, வட்டாட்சியர்க்கோ மாவட்டத் தொல்லியல் அலுவலர்க்கோ எழுத்தில் தெரிவித்து, அவ்வெழுத்தின் படியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுதல் நன்று. காசும் அணியும் புதையலாகக் கிடைப்பின், பத்து உருபா மதிப்பை விஞ்சிய எதனையும் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி கடமையாகும். அறிவிப்பவர்க்கு அதில் உரிய பங்கும் உண்டு. உழவர்க்கு இதனை எடுத்துச் சொல்லுதல் அவ்வவ்வூர்ப் பள்ளியாசிரியரின் பணி.